மோட்டர் சுவிச்சுப் பெட்டி

முதலில் ஒரு புள்ளி வைத்தேன்.
திரையில் அது சிவப்பு, ஐந்து மில்லிமீற்றர்.
"இதுதான் பெட்டியின் கண்" என்றேன்.
"பெட்டிக்கென்னத்துக்குக் கண்?"
அச்சுவேலிப் பட்டறையில் அச்சு வெட்டும் றெஜினோல்ட்
இரும்புத்தூள் விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டார்.
துடைத்த பிறகும் திரையில் இரண்டு புள்ளி.

கோட்டில் எனக்கு ஆசை அதிகம்.
மூடியும் அடியும் சந்திக்கிற பிளவை
ஒளிக்காமல், நேரே, மெல்லியதாய் ஓடவிட்டேன்.
"மாரி மழை அதுக்குள்ளால போகும்."
மூடிக்கு ஓர் உதடு இழுத்தோம்.
கோடு நிழலாகிப் போனது.

மூலைகளுக்காக இரண்டு நாள் சண்டை.
நான் கேட்ட வளைவு எட்டு, அவர் தந்தது மூன்று.
ஐந்தில் நின்றோம்.
ஐந்து இருவருக்கும் பிடிக்கவில்லை.

நிறம் சாம்பல்:
செம்மண்ணில் வெள்ளை ஒரு கிழமைக்குத்தான் வெள்ளை.
மேற்பரப்பு தோடம்பழத் தோல், அதைவிட நுணுக்கமாய்,
ஈரக்கை வழுக்காத அளவுக்கு.
இதையெல்லாம் ஓர் அறிக்கையில் அழகாக எழுதினேன்.

பன்னிரண்டு பெட்டிகள்
புன்னாலைக்கட்டுவன் தோட்டக் கிணறுகளுக்குப் போயின.
இருபதாம் நாள் பார்க்கப் போனேன்.
வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தா தவமலர்,
கை முழங்கை வரை சேறு.
பெட்டியில், பச்சைப் பொத்தானின் நடுவில்
ஒரு ஸ்ரிக்கர் பொட்டு.

"விடிய நாலு மணிக்குக் கண்ணாடி போடாமல் வாறனான்.
தடவினால் தெரியவேணும்.
இது நாலாவது பொட்டு, தண்ணி பட்டால் கழண்டிடும்."

சிவப்பு வெளிச்சம்?
"மோட்டர் ஓடினால் சத்தம் கேக்குந்தானே பிள்ளை."

நானும் கண்ணை மூடித் தடவினேன்.
சாம்பல் நிறம் விரலுக்குத் தெரியவில்லை.
கோடு எங்கோ ஓரத்தில்.
வளைவு ஐந்தா எட்டா,
பெருவிரல் கேட்கவேயில்லை,
பொட்டில் போய் நின்றது.

திரும்பி வந்து சொன்னேன்:
ஒரு புள்ளி வேணும். புடைத்தது. நிறம் வேண்டாம்.
"அரை மில்லி?"
காணாது, மண்வெட்டி பிடிக்கிற தோல்.
"அப்ப ஒண்டு."
முதல் தடவை காசுக் கணக்குச் சொல்லவில்லை.

உருக்கில் அது புள்ளியல்ல, குழி.
துளைப்பான் இறங்க, எண்ணெய் புகைய,
இருவரும் குனிந்து நின்று அந்தப் பள்ளத்தைப் பார்த்தோம்.
பக்கத்தில் சிவப்பு வெளிச்சத்துக்கு விட்ட ஓட்டை.
அதை அடைப்பதா என்று
அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.