வட்டு முழுவதும் அழிக்கப்படும்

செவ்வாய்ப்பேட்டையில் கூட்டிய குப்பையை
யாரும் வெளியே கொட்டுவதில்லை.
சலித்து, உருக்கி,
ஒரு மூக்குத்திக்காவது ஆகிற வெள்ளியை எடுத்துவிடுவார்கள்.
அந்தத் தெருவில்தான் எனக்கு
அழிக்கிற வேலை.

குப்புராஜின் கொலுசுப் பட்டறை.
மாடிப்படிக்குக் கீழே மேசை.
பக்க மூடியைக் கழற்றினால்
விசிறியில் பூனைக்குட்டி அளவுக்குத் தூசி.
அதையும் காகிதம் விரித்து வாங்கி வைத்துக்கொண்டார்.
ராமின் பொன் பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துச் செருகினேன்.
ஒரு பீப்.
திரையில் தேதி: 2009 ஜனவரி 1.
காசு மாதிரி ஒரு செல் உள்ளே செத்துக் கிடக்கிறது.
கரண்ட் போகும்போதெல்லாம்
இயந்திரம் அந்த நாளுக்கே திரும்பிவிடும்.

"வைரசுதாம்மா. மொத்தமா தொடச்சிட்டுப் புதுசா போட்டுடு,"
சொல்லிவிட்டு லீ பஜாருக்கு வண்டியைக் கிளப்பினார்.

பென்டிரைவிலிருந்து எழுப்பினேன்.
ஆசைக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்தேன்,
பாதி வழியில் அது ஆங்கிலத்துக்குத் தாவியது.
எந்த ஊர் என்று கேட்டது.
உலகப்படத்தில் சேலம் இல்லை.
எப்போதும் போலக் கொல்கத்தாவைத் தொட்டேன்.

அழிக்குமுன் ஒருமுறை திறந்து பார்ப்பேன்.
யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் படங்களைத் தொலைத்துவிட்டு
அம்மாபேட்டையில் அடி வாங்காத குறையாக நின்றதிலிருந்து
அந்தப் பழக்கம்.
டிசைன் படங்கள், ஜிஎஸ்டி, திருப்பதி போய்வந்த வீடியோ
எல்லாம் எடுத்து வைத்தேன்.
கடைசியாக ஒரு கோப்பு. பெயர்: முன்பணம்.
திருத்திய தேதி 2009 ஜனவரி 1.
எந்த மாதம் திருத்தியிருந்தாலும் அதே நாள்தான்.

பச்சியண்ணன், கம்பி இழுப்பு, 85,000.
சரசு, சலங்கை கோக்க, 40,000, பிரசவத்துக்கு.
அர்த்தநாரி, பற்றவைப்பு, 1,20,000.
அதற்குக் கீழ் வரி:
அர்த்தநாரி மகன், பற்றவைப்பு, 1,20,000,
பெயர் மாற்றப்பட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ
ஊதுகுழலில் ஊதுகிற சத்தம்.

'இந்த வட்டு முழுவதும் அழிக்கப்படும். தொடரலாமா?'
இவ்வளவு மரியாதையாக
என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.
அந்தக் கோப்பை மட்டும் எடுத்து வைக்கவில்லை.
மறந்துவிட்டேன் என்று சொல்ல
ஒரு முகத்தைத் தயார் செய்துகொண்டு
தொடர் என்பதை அழுத்தினேன்.

பதினேழு விழுக்காடு. நாற்பது.
அறுபத்து மூன்றில் கரண்ட் போனது.
யுபிஎஸ் கோழிக்குஞ்சாகக் கத்த,
மெருகு மோட்டார் முனகி நிற்க,
எல்லாரும் காற்றுக்கு வெளியே வந்தார்கள்.
மணிக்கட்டு வரை மினுமினுப்பு ஒட்டிய ஒருத்தி கேட்டாள்:
"ஏங்க்கா, எங்க பேரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்குதாமே?"
சரசுவாக இருக்கலாம்.
"இப்ப இல்ல," என்றேன்.
சிரித்தாள்.
அது நம்பிய சிரிப்பில்லை.

யுபிஎஸ் தாங்கியது. கரண்ட் வந்தது. நூறு.
துடைத்த சிலேட்டு மாதிரி ஒரு திரை.
குப்புராஜும் வந்துவிட்டார்.
"எல்லாம் இருக்குதுங்க. அந்த முன்பணக் கணக்கு மட்டும்..."
முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ளக்கூட
எனக்கு நேரம் தரவில்லை.
மேசை இழுப்பறையைத் திறந்து
மூலையில் மஞ்சள் வைத்த ஒரு நோட்டை எடுத்தார்.
"கம்ப்யூட்டர நம்பி எவனாச்சும் கடன் குடுப்பானாம்மா?
உக்காரு. இதப் பார்த்து ஏத்திட்டுப் போ.
டைப் அடிக்கத் தனியாவே குடுத்துடறேன்."

புது இயங்குதளத்தில் நான் உருவாக்கிய முதல் கோப்பு அது.
அர்த்தநாரி மகன் வரியில்
ஒரு பூஜ்யம் குறைத்துப் போட்டேன்.
நோட்டில் விரல் ஓட்டியபடி அவர் கூடவே படித்துக்கொண்டிருந்தார்.
திருத்தினேன்.

இனி மாதம் ஒருமுறை வர வேண்டும்.
அப்டேட், தூசி, பேக்கப்.
முதலில் எதை எடுத்து வைக்க வேண்டும் என்று
சொல்லியிருக்கிறார்.

செல்லை மாற்றினேன். இன்றைய தேதி வந்துவிட்டது.
முப்பத்தைந்து ரூபாய்,
பில்லில் தனி வரியாக எழுதினேன்.