வாய் எந்தப் பக்கம் இருந்தது

கண்டனூருக்கு மேற்கே, தைலமரக் காடு முடிகிற இடத்தில்
செம்புரான்கல் குவாரி. அதன் வாசலில் எடைமேடை.
ரசீது போடுகிறவள் நான்.
மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க
மேலே ஓர் உருண்டை வைத்திருந்தேன்.
எலுமிச்சையைவிடப் பெரிது, நார்த்தங்காயைவிடச் சிறிது,
ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை.

அடைக்கலம் தந்தது.
"பிளேடு பல்லை உடைக்குதுக்கா,
சனியன், கல்லுக்குள்ள கல்லு" என்று
வாரத்துக்கு நாலைந்தைத் தூக்கிக் குழியில் எறிவான்.

சகாயராணி தண்ணீர் கேட்டுத்தான் வந்தாள்.
முதுகில் பை, பையில் சுத்தியல், முழங்கால்வரை செம்மண்.
சொம்பை வாங்கியவள் குடிக்கவில்லை.
உருண்டையை எடுத்தாள். ரசீதெல்லாம் பறந்தது.

"வண்டு," என்றாள். "சாணியை உருட்டி, மண் பூசி,
உள்ள ஒரு முட்டை வச்சிட்டுப் போயிருக்கு."
நான் சிரித்தேன். சாணி எப்படிக் கல்லாகும்?
"சாணி ஆகலை. சாணி இருந்த இடத்தோட வடிவம் ஆயிருக்கு."
பிறகு கேட்டாள்:
எத்தனை அடி ஆழம்? எந்தச் சுவர்?
ஓட்டை வானத்தைப் பார்த்ததா, தரையைப் பார்த்ததா?

எனக்குத் தெரியாது. அடைக்கலத்துக்கும் தெரியாது.
கூண்டேறிய சாட்சி ஊர்ப்பெயர் மறந்து நின்றால்
வக்கீல் முகம் எப்படிப் போகுமோ
அப்படிப் போனது அவள் முகம்.

மறுநாள் என் பதிவேட்டில்
லாரி எண், டன், தொகை, அதற்கும் வலப்புறம்
கூடுதலாய் ஒரு கோடு கிழித்தேன்.
பதினோரடி. தென்சுவர். வாய் மேலே.
பதினோரடி. தென்சுவர். வாய் உடைசல்.
ஆறடி. உருண்டை இல்லை; கட்டைவிரல் அளவுக் குழிகள்,
உட்சுவர் கண்ணாடிபோல வழவழப்பு.

"தேனீ," என்றாள், வரியில் விரல் வைத்து.
"கூட்டத்தோட சேராம தனியா மண்ணு தோண்டுற சாதி.
ஈரம் புகாம பூசி வச்சிருக்கு பாருங்க.
தண்ணி நிக்கிற மண்ணுல இது வீடு கட்டாது."
அப்படியானால் ஆறடியில் காய்ந்த நிலம்.
பதினோரடியில் புல்.
சாணி என்றால் மேய்கிற வயிறு,
இத்தனை சாணி என்றால் மந்தை.
என்ன விலங்கு? எலும்பு ஒன்றுகூட இல்லை.
இந்த மண் எலும்பைத் தின்றுவிடும்.
வீட்டைத் தின்னவில்லை.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது:
முதல், கரு, உரி.
நிலமும் பொழுதும் சொன்ன பிறகுதான்
பறவை, விலங்கு, பறை, யாழ்.
இவள் தலைகீழாய்ப் போகிறாள்.
ஒரு வண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு
நிலம் எது என்கிறாள், மழை எந்த மாதம் என்கிறாள்.
முல்லை என்று எழுதிக்கொள்ளட்டுமா?
"எழுதுங்க. பக்கத்துல கேள்விக்குறி போடுங்க."

எட்டடிக்கும் ஒன்பதடிக்கும் நடுவில் ஒரு கூடும் இல்லை.
வெள்ளமா, வறட்சியா, அடைக்கலம் அன்று லீவா?
மூன்றையும் எழுதிக்கொண்டாள்.

ஆடியில் ஒன்று வந்தது, ஓட்டையே இல்லாமல்.
பிளேடை நிறுத்திவிட்டுக் கடப்பாரை முனையால் நெம்பி
துண்டில் பொதிந்து எடுத்துவந்தான்.
காதருகே குலுக்கினான். சத்தமில்லை.
இதற்கு உரிப்பொருள் என்னவென்று யாரும் கேட்கவில்லை.
முல்லைக்கு என்னவோ, அதுதான்.

சென்னைக்குக் கொண்டுபோய்
தாளைவிட மெலிசாய் அறுத்து
வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றாள் சகாயராணி.
"அறுக்கத்தான் வேணுமா?" என்றான்
நாள் முழுக்கக் கல்லறுக்கிறவன்.

மேடை ஏறாமல் எதுவும் வெளியே போகக்கூடாது,
குத்தகைக்காரர் சட்டம்.
நாற்பது டன் தாங்கும் இரும்புத் தகட்டின் நடுவில்
உருண்டையை வைத்துவிட்டு அவள் விலகி நின்றாள்.
சிவப்பு எண் அசையவில்லை. பூஜ்ஜியம்.
பத்துக் கிலோவுக்குக் கீழே இந்த எந்திரத்துக்குக் கண் தெரியாது.

ரசீது போட்டேன்.
வண்டி எண்: இல்லை. எடை: இல்லை.
சரக்கு என்ற இடத்தில் 'வீடு, ஒன்று' என்று எழுதி,
ஆள் உள்ளே இருப்பதையும் சேர்க்கலாமா என்று
பேனாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.