நான்காவது பை

ஞாயிறு காலை, சுவிண்டன்.
வெள்ளியிரவு வேலையால் வந்து நிறுத்திய கார்
ஆறித்தான் கிடக்கும்.
என்றாலும் கைவைத்துப் பார்க்கிறேன்.
சூட்டோடு குழாயடியில் பிடித்து
இரண்டாய்ப் பிளந்த கண்ணாடிச் சட்டி ஒன்று
அலுமாரிக்குள் இன்னும் இருக்கிறது.
எறிய மனமில்லை.

ஹவுன்ஸ்லோவிலிருந்து குகதாசன் அத்தான் சொன்னார்:
"எஞ்சினைக் கழுவிவிடு பிள்ளை.
பளபளவென்றிருந்தால்
கசிவை ஒருத்தரும் தேடமாட்டினம்."
அவருக்கு விற்கிற புத்தி.
எனக்கு விற்கவேண்டிய மாதம்.

பற்றறியின் கறுப்பு வயரை முதலில் கழற்றினேன்.
பிறகு பைகள்.
அல்ரனேற்றருக்குப் பாண் வந்த பை.
பியூஸ் பெட்டிக்குச் செருப்பு வந்த பை.
கொயில்களுக்கு மேல் ஒன்று, நீளமாய்.
காற்று உள்ளே போகும் வாய்க்கு
உறைந்த பட்டாணி வந்த பையும்
மகளின் தலைமயிர் றப்பரும்.

"பிரஷர் வாஷர் தரட்டா?"
வேலிக்கு மேலால் டெரன்ஸ்.
வேண்டாம்.
அது வயர் மூட்டுக்குள் தண்ணீரை ஊசியாய் ஏற்றும்,
மூன்று நாள் கழித்து நடுறோட்டில்
காய்ச்சல் வரும்.
செடிக்கு அடிக்கிற ஸ்பிரே போதும்.
ஒரு பழைய பல்துலக்கி, கந்தல், பொறுமை.
பொறுமைதான் கொஞ்சம் குறைவாய் இருந்தது.

கீழே தகரத் தட்டு, தட்டில் பழைய துவாய்.
வாசல் வடிகால் நேரே ரே ஆற்றுக்குப் போகிறது.
அங்கே பள்ளிக்கூடத்தோடு போய்
பதினொரு தவளை எண்ணியவள் என் மகள்.
அந்தக் கணக்கைக் குறைக்கமாட்டேன்.

ஒன்பது மாரியின் உப்பு.
ஒயிலோடு குழைந்து
கருப்பட்டிப் பதத்தில் இறுகின தூசி.
பற்றறிக்குப் பின்னால்
ஒரு சுண்டெலியின் களஞ்சியம்:
டெரன்ஸ் குருவிகளுக்குத் தொங்கவிட்ட கடலை,
முழுதாய் முப்பது.
அவரிடம் சொல்லவில்லை.

துடைத்தேன். உலரவிட்டேன்.
தேத்தண்ணீர் குடித்தேன்.
பைகளை எடுத்தேன், வயரைப் பூட்டினேன்,
சாவியைத் திருப்பினேன்.
ஒரு உறுமல். ஒரு இருமல்.
மௌனம்.

மறுபடியும் அதே.

ஆயிரத்து நானூறு பவுணைக்
கழுவிக் கொன்றுவிட்டேன் என்று
ஸ்ரியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தபோது
விரல்கள் தாமாய் எண்ணின:
மூடியது நான்கு.
எடுத்தது மூன்று.

பட்டாணிப் பை உள்ளே இழுபட்டு
வாயோடு ஒட்டியிருந்தது.
மூச்சைப் பொத்திவிட்டு
ஓடு ஓடு என்று அதட்டியிருக்கிறேன்.
உருவினேன்.
அடுத்த திருப்பில் எஞ்சின் பாய்ந்து எழும்பியது,
டெரன்ஸ் கைதட்டினார்.
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

இரவில் காருக்குக் கீழே ஒரு அட்டையை விரித்தேன்.
விடிய மூன்று துளி.
ரொக்கர் மூடியின் வலது மூலையிலிருந்து
ஒரு ஈரக் கோடு இறங்கியிருந்தது.
அழுக்கிருந்தவரை
எங்கிருந்து கசிகிறதென்று யாருக்கும் தெரியாது.
இப்போது கண்ணில்லாதவரும் தடவிச் சொல்லலாம்.
அத்தானின் யோசனை
தலைகீழாய் நின்றது.

திங்கள் பின்னேரம் அக்னியெஷ்கா வந்தாள்,
பேக்கரி மா இன்னும் மணிக்கட்டில்.
பொனற்றைத் திறந்து, குனிந்து,
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
"இவ்வளவு சுத்தமா?
எதை மறைக்கிறாய்?"

உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து கொடுத்தேன்.
"ஒரு இரவுக்கா?"
"ஒரு இரவுக்கு."
துளிகளைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டாள்,
நூற்றிருபது குறை என்றாள்.
எண்பது என்றேன்.
தொண்ணூறில் கைகொடுத்தோம்.
அட்டையை மடித்து
பத்திரங்களோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அத்தானின் அழைப்பு மூன்று முறை வந்து ஓய்ந்தது.
நான் முற்றத்தில் நின்றேன்.
காலடியில் பால் கானொன்று,
அதற்குள் தட்டில் வடிந்த கறுப்புத் தண்ணீர்.
நகரசபைக் கழிவுக்கூடத்தில் கொடுக்கவேண்டும்.
மூன்று மைல்.
கொண்டுபோக
என்னிடம் கார் இல்லை.