உள்ளே விட்ட துணி

ஜஹ்ராவில்,
கோழி சுடும் கடைக்கும் சிம்கார்டு கடைக்கும் நடுவே
எங்கள் தையற்கடை.
வியாழன் இரவு பத்தேகாலுக்கு
தெரு முழுக்கக் கைபேசிகள் ஒன்றாய்ச் சிணுங்கின.
எங்களுடையவை அல்ல.

காப்புப்படையினர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
என்று தொடங்கியதாம் செய்தி.
படித்துச் சொன்னவன்
கூட்டுறவு அங்காடிக் கணக்கர் மிஷாரி.
சொல்லிவிட்டு ஒரு பையை என் மேசையில் கவிழ்த்தான்.
அந்துருண்டை வாசம்.
பயிற்சி முடிந்து ஒன்பது வருடம் மடிந்துகிடந்த கால்சட்டை
அவன் தொப்புளுக்குக் கீழே
நாலு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது.

உள்ளே துணி விட்டிருக்கா, கய்யாத்?

விடிவதற்குள் எழுபது பேர் கேட்டுவிட்டார்கள் அதையே.
அரபியில், அரைகுறை உருதுவில்,
வயிற்றைத் தட்டிக் காட்டி.

தையலைப் பிரித்தால் தெரியும்.
வெயில் படாத துணி
உள்ளே அப்படியே இருக்கும், ஈர மணல் நிறத்தில்.
வெளியே எடுத்து ஓட்டினால்
இரண்டு விலாவிலும் கருத்த பட்டை ஓடும்.
துவைக்கத் துவைக்கச் சரியாகும் என்றேன்.
எத்தனை துவைப்பு என்றான் ஆம்புலன்ஸ் ஓட்டும் நவ்வாஃப்.
அதற்கு என்னிடம் கணக்கில்லை.

நின்றபடி அவர்கள் பேசிக்கொண்டதில்
எனக்குப் பிடிபட்டது இவ்வளவு:
முதலில் மைதானத்தில் பெயர் கூப்பிடுவார்கள்.
வராதவன் பெயரை மூன்று தரம்.
பிறகு மூச்சை இழு, விடு, இருமு.
பிறகு பூட்ஸ்; உன் அளவு தீர்ந்திருந்தால் பக்கத்து அளவு.
மறந்துபோனதை ஒரு வாரம் ஞாபகப்படுத்துவார்கள்.
துப்பாக்கி கடைசியில்தான்.
பேருந்து எந்தத் திசைக்கு என்று
ஏறிய பிறகுதான் தெரியுமாம்.

பெயர்ப்பட்டி ரியாசத் தைத்தான்.
அவன் சியால்கோட்; ஓதத் தெரிந்தவன்.
ரத்தவகை வில்லை என் பங்கு.
ஓ பாசிட்டிவ் நாற்பத்தொன்று போட்டதில்
சிவப்பு நூல் தீர்ந்து
மிச்சப் பேருக்கு மெரூன்.
ஒருவனும் குறை சொல்லவில்லை.
தூங்கும் பெண்குழந்தையைத் தோளில் போட்டு வந்தவன் மட்டும்
தன் வகை மறந்துபோய்
அக்காவுக்குப் போன் போட்டான்.

டேப்பைப் பிடித்து மார்பு அளந்துகொண்டே இருந்தேனா,
திருச்சி மெடிக்கல் சென்டர் நினைவுக்கு வந்தது.
பனியனைக் கழற்றி
எக்ஸ்ரே தகட்டில் நெஞ்சை ஒட்டி நின்றது.
முந்தின நாள் ஏஜெண்ட் ஜெபமாலை கூப்பிட்டிருந்தார்:
விசா அடிச்சாச்சு, நாளன்னிக்கு ஃப்ளைட்.
நானும் ஓடித்தான் போனேன்.
ஓர் உறுதிமொழியும் வாங்கவில்லை என்னிடம்,
கைரேகை மட்டும்.

சனிக்கிழமை விடியலில்
ஆறாம் சுற்றுச் சாலையில் பேருந்துகள் வரிசையாய்ப் போயின.
அந்துருண்டை வாசம் கடையிலேயே தங்கிவிட்டது.
ரியாசத் நூல்துண்டுகளைக் கூட்டி அள்ளினான்.
நல்ல ஓவர்டைம் என்றான்,
சொன்ன பிறகு வாயைத் துடைத்துக்கொண்டான்.

மத்தியானம் எங்கள் கைபேசிகளும் சிணுங்கின.
தூதரகம்.
பெயர், பாஸ்போர்ட் எண்,
ஊரில் அவசரத்துக்கு யார்.
எண் மனப்பாடம். பாஸ்போர்ட் முதலாளியிடம்;
முதலாளி அந்தப் பேருந்துகள் ஒன்றில்.

சட்டையைக் கழற்றி விலாத் தையலைப் பார்த்தேன்.
ரெடிமேட்.
ஓரத்தோடு வெட்டி ஓவர்லாக் அடித்தது.
பிரித்தால் ஒன்றும் வராது.

மேசைக்கடியில் ஒரு கட்டுக் காகிதம்.
பௌதிக வாத்தியார் தலால், பேன்ட் மாற்றும் அவசரத்தில்
விட்டுப்போன விடைத்தாள்கள்.
முதல் பதினொன்றில் பச்சை மையால் மதிப்பெண்.
பன்னிரண்டாவதில் ஒரே ஒரு சரிக்குறி,
அதுவும் வால் முடியாமல்.
ஃபேனில் பறக்காமலிருக்க
பெரிய கத்தரிக்கோலை எடுத்து அதன்மேல் வைத்தேன்.
அப்புறம் துணி வெட்ட எடுக்கும்போதெல்லாம்
சின்னதையே எடுத்தேன்.