ணங், டொக்

வெண்பலகையில் என் பெயர் இருந்தது,
ளகரம் ழகரமாகி.
திருத்தவில்லை.

பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி.
சனிக்கிழமை, பட்டறை நாள்.
எனக்கு முன் வந்த பல் டாக்டர்
முறம் அகலப் பிளாஸ்டிக் பல்வரிசையைத் திறந்து மூடி
எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுப் போயிருந்தார்.
என்னிடம் இருந்தவை இருபத்தேழு ஸ்லைடுகள்.
மூன்றாவதிலேயே ப்ரொஜெக்டர் உயிரை விட்டது.

நாற்பத்தொரு முகங்கள்.
பாதிக்கு மேல் மைலோ மீசை.
கடலுக்கு மேலே தொங்கிய நாள்களில்கூட
என் உள்ளங்கை இப்படி வியர்த்ததில்லை.

குமுதவல்லி டீச்சர் ஒயரை ஆட்டிக்கொண்டிருந்தார்.
வேறு வழி தெரியாமல்
பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன்.

பாலத்துக்கு அடியில் இறங்கி
இதால் தட்டுவேன்.
நல்ல கான்கிரீட் ணங் என்னும்.
உள்ளே விட்டுப்போனது டொக் என்னும்.
அதைக் கேட்பதுதான் என் வேலை.

அவ்வளவுதானா, என்றது முன்வரிசை.
சம்பளம் எவ்வளவு, என்றது பின்வரிசை.
அங்கே ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வீங்க,
என்றாள் லிஷாந்தினி, ஆண்டு நான்கு.
மண்டபமே காத்திருந்த கேள்வி அது.
காலையில் தேநீர் குடிப்பதில்லை, என்றேன்.
தலைமையாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார்.

பிறகு கேண்டீனிலிருந்து எவர்சில்வர் கரண்டிகள் வந்தன,
ஆளுக்கொன்று.

தூணைத் தட்டினார்கள். படியை, மேடையை,
கொடிக்கம்பத்தின் அடியை,
நூலகத்தின் பூட்டிய கதவை.
ஒருவன் தன் தலையைத் தட்டி ணங் என்றான்.
பக்கத்தில் இருந்தவன் அதைச் சரிபார்த்தான்.
சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து
வேறு தெருவுக்குப் போயின.

நான்காம் வகுப்புச் சன்னலுக்குக் கீழே ஒரு சண்டை.
ணங், என்றான் ஹேமரூபன்.
டொக், என்றாள் லிஷாந்தினி.
என்னைக் கூப்பிட்டார்கள்.
முட்டிபோட்டுக் காதை வைத்துத் தட்டினேன்.

டொக்.

ஒரு தோசை அளவு இருக்கும்.
மேலே புதுச்சாயம், இளம்பச்சை,
போன மாதம் பூசியது.
தலைமையாசிரியர் குனிந்து,
இது இன்றைக்கே தெரிய வேண்டுமா, என்றார் மெதுவாக.
அதற்குள் சாக்பீஸால் வட்டம் போட்டாகிவிட்டது.
தேதியும் எழுதினாள்,
நான் சொல்லாமலே.

"டீச்சர், இது எத்தனை நாளா டொக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கு?"
நான் டீச்சர் இல்லை என்று நான்காம் முறையாகச் சொல்லிவிட்டு,
யாராவது தட்டினால்தான் சொல்லும், என்றேன்.
"அப்ப யாரும் தட்டாதப்ப?"

பதினோரு வருட அனுபவம் எனக்கு.
மணி அடித்ததால் தப்பித்தேன்.

திரும்பும் வழியில் பாலத்தில் நெரிசல்.
நடுக்கடலில் நின்றபடி
நற்சான்றிதழின் தங்கச் சட்டத்தை
விரலால் தட்டிப் பார்த்தேன்.
டொக். வெறும் அட்டை.

திங்கள் காலை
ஃபைசல் மேடையைக் கீழே இறக்கினான்.
வழக்கமான தூண். ணங்.
குறித்துக்கொண்டு நகர வேண்டியதுதான்.
இன்னொரு தரம் தட்டினேன்,
சத்தம் சந்தேகமாக இல்லை,
சும்மா, நலம் விசாரிக்க.
அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.
குமுதவல்லி டீச்சர்:
சுவருக்கு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.
பட்டறைக்கு நன்றி.
கேண்டீனுக்கு
ஆறு கரண்டிகள் இன்னும் திரும்பவில்லை.