எட்டு நிமிடம் அசையக் கூடாது

கொளுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றாடியைப் போட்டுவிட்டு
ஷிப்ட் முடிந்து வரும்போது மணி பத்தேகால்.
கோத்தகிரி முழுக்க மஞ்சு.
எதிரே வந்த ஜீப்
மஞ்சள் கறையாக வந்து
சிவப்புக் கறையாகப் போனது.

அறையில்
தையல் மெஷினிலிருந்து கழற்றிய பெடல்,
ஃபேக்டரி காயலானில் கிடந்த கைப்பிடியில் செய்த த்ராட்டில்,
குன்னூரில் ஸ்பைரல் போட்ட
அறுநூற்று நாற்பது பக்கக் கையேடு.
"ஏர்ஃபோர்ஸ் பரீட்சையா தம்பி?"
என்று கேட்டார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்,
நாற்பத்தொரு வயதில்.

முதலில் பாட்டரி. எரிபொருள் பம்பு. இடது என்ஜின்.
பிறகு வழிகாட்டிக்குச் சொல்ல வேண்டும்
நாம் நிற்கும் இடம் எதுவென்று.
செயற்கைக்கோள் பழகாத காலத்து விமானம் இது.
உள்ளே சுழலும் பம்பரங்கள்
பூமி சுற்றுவதைத் தாமே தடவிப் பார்த்து
வடக்கைக் கண்டுபிடிக்கும்.
எட்டு நிமிடம் ஆகும்.
அதுவரை அசையக் கூடாது.

எட்டு நிமிடத்தில்
அரிசி களைந்து குக்கரை ஏற்றிவிடலாம்.
மூன்றாவது விசிலுக்கு ஓடுபாதை.

பறக்கத் தொடங்கியதும்
மணிக்கு ஒரு மைல் வீதம்
தான் இருக்கும் இடத்தை அது மறந்துகொண்டே போகும்.
பிழையில்லை;
நிஜ விமானமும் மறந்தது என்பதால்
மறக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஒருமுறை விளையாட்டாக
என் வீட்டை அடித்துப் பார்த்தேன்.
வடக்கே பதினொரு பாகை இருபத்தைந்து,
கிழக்கே எழுபத்தாறு ஐம்பத்திரண்டு.
ஊசி கொஞ்சம் தயங்கித் திரும்பியது.
தூரம் காட்டும் கட்டத்தில் 999.
அதற்கு மேல் எண்ணத் தெரியாது அதற்கு.

கூடலூர் டெல்ஃபின் என் வலப்பக்கம் பறப்பான்.
அங்கே மழை பிடித்தால்
அவன் விமானம் விட்டுவிட்டுத் தெரியும்.
குண்டின் லேசர் எண்ணைத் தரையிலேயே திருகி வைக்க வேண்டும்,
மேலே போனபின் முடியாது.
நேற்று மறந்துவிட்டான்.
அவன் குண்டு யார் பேச்சையும் கேட்காமல்
ஒரு மணல்மேட்டில் போய் விழுந்தது.
யாரையும் கொல்லாததற்கு
அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டான்.

இன்று என் முறை.
பதினைந்தாயிரம் அடி, இடப்பக்க வட்டம்.
வெப்பக் கேமராவில் சூடானதெல்லாம் வெள்ளை.
இலக்கை நெருக்கிப் பார்த்தேன்:
வீடு.
ஒரே சுவரை நான்கு முறை ஒட்டியிருந்தார்கள்.
ஜன்னல், வெறும் படம்.
இன்னொரு சுற்றுப் போனேன், எரிபொருள் பார்த்துக்கொண்டே.
காற்றின் அடர்த்தி கணக்கில் உண்டு,
கொக்கி விடும்போது இறக்கை உதறுவது உண்டு,
மூக்கில் ஒன்றும் வாலில் ஒன்றுமாய்
வெடிதூண்டி இரண்டு உண்டு.

"டெல்ஃபின், வீட்டுக்குக் கதவே இல்லடா."

"கதவு வச்சா கம்ப்யூட்டர் திணறும், பெள்ளி.
அப்புறம் உள்ள ஆள் வைக்கச் சொல்லுவ.
லேசரப் போடு."

போட்டேன்.
விழ இருபத்தாறு நொடி.
பத்தொன்பதில் கரண்ட் போனது.
யுபிஎஸ் போன மழையிலேயே செத்துவிட்டது.

இருட்டில் சோற்று வாசனை மட்டும்.
பிறகு, பின்கதவில் ஏதோ உரசியது.
கரடியாக இருக்கும்.
போன மாதம் ரேஷன் கடைக் கதவைப் பெயர்த்து
எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருந்தது.
தாழ்ப்பாள் ஒருமுறை அதிர்ந்தது.
மூச்சு கேட்டது, ஈரமாக,
பலகைக்கு அந்தப் பக்கம்,
என் இடுப்பு உயரத்தில்.

பெடலில் வைத்த கால் வைத்தபடி.
எண்ணினேன்.
எட்டு நிமிடம் இருக்கலாம்,
ஒன்றரை நிமிடமாகவும் இருக்கலாம்.

தேயிலைக்குள் ஒரு கனம் இறங்கிப் போகும் சத்தம்.
எங்கோ நாய்.

இன்னும் கரண்ட் வரவில்லை.
குக்கர் ஆறிவிட்டது.
மேலே எங்கோ
ஏழு நொடி மிச்சம்.