இரண்டு கண்ணி தளர்வு

பூர்லெங்கெயில் ஜனவரி. வெளியே மைனஸ் பத்தொன்பது.
பழைய வோல்வோவின் வாயைப் பிளந்து
எட்டு சிலிண்டர் அமெரிக்க எஞ்சினைச்
சங்கிலியில் தொங்கவிட்டபடி
நானும் இங்வெயும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

ரப்பர் வேண்டாம் என்றான்.
இரும்போடு இரும்பு. அசையவே கூடாது.

விவாகரத்தாகி நான்கு வருடம்.
கார் மட்டும் இன்னும் இருவர் பெயரில்.
எனக்கு வெல்டிங் வரும், அவனுக்குப் பிடிவாதம்.
போல்ட்டை அவன் இறுக்கினான்.
நான் மேலும் ஒரு கால் சுற்று.

கிளப்பிய அன்று
ஸ்டியரிங் என் பல்வரிசையைப் பிடித்து உலுக்கியது.
பின்னால் வந்த ஒரு லாரி
கண்ணாடியில் மூன்றாக வந்தது.
டாஷ்போர்டு அறை தானே திறந்து
பழைய பார்க்கிங் ரசீதுகளை மடியில் கொட்டியது.
சிக்னலில், பக்கத்துக் காரிலிருந்த குழந்தை
எங்கள் கன்னங்கள் ஆடுவதைப் பார்த்துச் சிரித்தது.

ஆனால் ஒன்று:
மிதித்தால், மிதிக்க நினைத்தபோதே போனது.
நடுவில் ஆள் வைக்காத பேச்சு மாதிரி.
அவனுக்கு அது பிடித்திருந்தது.
எனக்கும்தான். சொல்லவில்லை.

மார்ச்சில் பனி உருகி, சாலை குண்டும் குழியுமாக.
சேசிஸ் முறுக்கிக்கொடுத்தது.
முறுக்கிக்கொடுக்கத் தெரியாத வார்ப்பிரும்பு
ரஸ்க் உடைவதுபோல உடைந்தது,
பிளாக்கின் காது, போல்ட் பிடித்திருந்த இடம்.
உன் வெல்டிங் சரியில்லை என்றான்.
வெல்டிங் அப்படியே இருந்தது.
அதற்குப் பக்கத்தில் இருந்ததுதான் போய்விட்டது.

வேறு பிளாக் தேட இரண்டு மாதம்.
பிறகு ரப்பர். யாரும் எதுவும் பேசவில்லை.
காருக்குள் முதல்முறையாக
வானிலை அறிக்கை முழுதாகக் கேட்டது.
அழுத்தி மிதித்தால் மட்டும்
எஞ்சின் இடது தோளைத் தூக்கும்,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
பானட்டின் அடியில்
ஏர் ஃபில்டர் இடித்த வட்டப் பள்ளம்.
சங்கிலித் துண்டு ஒன்றைப் பூட்டினேன்,
இரண்டு கண்ணி தளர்வாக.
அசையலாம். அதுவரைதான்.

ஜூனில் ஒரு காலை, சாவியைத் திருப்பியதும்
ஆக்ஸிலேட்டர் கேபிளிலிருந்து புகை.

எர்த் பட்டை.
எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகவேண்டியது.
இரும்பும் இரும்பும் தொட்டிருந்த நாளில்
யாருக்கும் தேவைப்படாதது.
ரப்பர் அதிர்வை நிறுத்தியபோது கரண்டையும் நிறுத்தியிருக்கிறது;
ஸ்டார்ட்டர் மோட்டார் குடித்த அத்தனையும்
திரும்பிப்போக வழியில்லாமல்
விரல் பருமன்கூட இல்லாத கம்பிக்குள் புகுந்து
அதைப் பழுக்கக் காய்ச்சியிருக்கிறது.

இங்வெ தலையில் அடித்துக்கொண்டான். நானும்.
இருவருமே மறந்திருந்தோம், அதனால் சண்டை வரவில்லை.

காருக்கடியில் படுத்துக் கை நீட்டினான்.
பின்னிய செம்புப் பட்டையைக் கொடுத்தேன்.
எவ்வளவு நீளம்? என்றான்.
தோளைத் தூக்கினாலும் அறாத நீளம்.
கொஞ்சம் தொய்வு விடு.

விட்டான்.
காரை விற்பதைப் பற்றி
அன்றைக்கும் பேசவில்லை.